நகராட்சி இணையதளத்துக்கு எந்த வருகைக் கணக்கு? நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருபவருக்கு வேறு கடை கிடையாது. ஒரு செய்தித் தளத்தின் குக்கீ அறிவிப்பு (பிரவுசரில் சிறு அடையாளக் கோப்பை வைக்க ஒப்புதல் கேட்கும் பெட்டி) பிடிக்காவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடலாம். தான் வாழும் ஊரின் நகராட்சித் தளத்தை விட்டு எங்கே போவது? ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் நகராட்சி, மாவட்ட நிர்வாகம், பொது நூலகம், சுகாதாரத் துறை என்று ஏதாவது ஒரு பொது அமைப்பின் தளத்தைப் பராமரிப்பவர்கள், வருகையாளர்களை எண்ணும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்குப் பொருந்தும் பதில் இங்கே பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. பொது அமைப்பின் தளத்தில் பக்க முகவரியே பல நேரம் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவிப் பக்கம், கடன் ஆலோசனைப் பக்கம், எச்ஐவி பரிசோதனை மையங்களின் பட்டியல். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற ஒற்றை வரியில் அவருடைய வாழ்க்கையின் மிக அந்தரங்கமான பகுதி இருக்கக்கூடும். அந்த வரி யாருடைய சர்வருக்குப் போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்பதுதான் கீழே வரும் நான்கு வழிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு. வரைபடங்களின் அழகு எல்லாம் பிறகு.

அந்த நான்கு: ஒப்புதல் கேட்டுக் கூகுள் அனலிட்டிக்ஸ் வைப்பது, சொந்த சர்வரில் குக்கீயுடன் மட்டோமோ என்ற வருகைக் கணக்கு மென்பொருள், குக்கீ இல்லாத கணக்கு, சர்வர் தானே எழுதும் பதிவுகளிலிருந்தே எண்ணுவது.

முதலில் சட்டம், சுருக்கமாக

இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. முதலாவது 2002இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட இ-பிரைவசி வழிகாட்டுச் சட்டம். பயனரின் கருவியில் எதையாவது எழுதிவைக்கவோ, அதில் இருப்பதைப் படிக்கவோ முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்கிறது அதன் 5(3)ஆம் பிரிவு. பயனரே கேட்ட சேவையைத் தர அது இல்லாமல் முடியாது என்றால் விலக்கு. பிரான்ஸில் இது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 82ஆம் பிரிவாகவும், ஜெர்மனியில் இப்போது டிடிடிடிஜி எனப்படும் சட்டத்தின் 25ஆம் பிரிவாகவும் இருக்கிறது. பிரிவு குக்கீ என்ற சொல்லோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரவுசருக்குள் தளம் தகவலைச் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் இதற்குள் வரும். திரையின் அளவைப் படித்து அனுப்பும் நிரலும் வரும்.

இரண்டாவது ஜிடிபிஆர், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை. கருவியிலிருந்து வந்த தரவை அதன்பின் என்ன செய்கிறோம் என்பது இதன் கவலை. இணையத்தில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரி தனிநபர் தரவா என்ற கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று, பிரையர் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஜெர்மன் கூட்டரசு அமைப்புகளின் இணையதளங்கள் வருகையாளர்களின் ஐபி முகவரிகளைச் சேமித்துவைத்ததைப் பற்றியதுதான். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும், அதன் உரிமையாளரைக் கண்டுபிடிக்கச் சட்டவழி இருக்கும்போது, தனிநபர் தரவே.

பொது அமைப்புகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நிறுவனங்களின் தனியுரிமை அறிக்கையை நகலெடுத்து, 'எங்கள் நியாயமான நலனின் அடிப்படையில் புள்ளிவிவரம் சேர்க்கிறோம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஜிடிபிஆர் 6(1)ஆம் பிரிவின் கடைசி வாக்கியம், பொது அமைப்புகள் தங்கள் பணியைச் செய்யும்போது அந்த அடிப்படையைப் பயன்படுத்த முடியாது என்று நேராகவே சொல்கிறது. பொதுநலப் பணி என்ற அடிப்படையைத்தான் எடுக்க வேண்டும்; அதற்குப் பின்னால் உள்நாட்டுச் சட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். அதை எடுத்தால் 21ஆம் பிரிவின்படி ஆட்சேபிக்கும் உரிமையும் கூடவே வருகிறது. ஆகவே 'என்னை எண்ணாதே' என்று சொல்ல ஒரு பொத்தான் வேண்டும். ஒப்புதலை அடிப்படையாக எடுப்பதும் இங்கே எளிதல்ல. அரசு அமைப்புக்கும் குடிமகனுக்கும் இடையே சமநிலை இல்லாதபோது ஒப்புதல் சுதந்திரமாகத் தரப்பட்டதாகாது என்று அதே சட்டத்தின் 43ஆம் முகப்புக் குறிப்பு எச்சரிக்கிறது.

கூகுள் அனலிட்டிக்ஸ்

காசு இல்லை, பதிய ஐந்து நிமிடம், தளம் கட்டித்தரும் ஏஜென்சிகள் எல்லோருக்கும் பழக்கம். இதை எடுக்கச் சொல்பவர்களின் வாதம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இது வைக்கும் முதன்மைக் குக்கீயின் ஆயுள் இயல்பாக 2 ஆண்டு. ஒப்புதல் இல்லாமல் வைக்க முடியாது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிநில், ஒப்புதல் இல்லாமல் எண்ண அனுமதிக்கும் விலக்குக்கும் (கீழே வருகிறது) இது பொருந்தாது. ஒப்புதல் என்றால் அறிவிப்புப் பெட்டி வேண்டும். முன்கூட்டியே டிக் செய்த கட்டம் ஒப்புதல் ஆகாது, குக்கீயின் ஆயுளையும் மூன்றாம் தரப்பு அதைப் படிக்குமா என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 தீர்ப்பு வந்தது. மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். பெட்டியை வரைய வெளியார் சேவையை வாங்கினால், அந்தப் பெட்டியே அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும். பயனர் 'வேண்டாம்' என்று சொல்லுமுன்பே அவருடைய ஐபி முகவரி அங்கே போய்விடும்.

அமெரிக்காவுக்குத் தரவு போவது பற்றிய வழக்குகள் பலருக்கும் நினைவிருக்கும். 2022இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி ஆணையங்கள் கூகுள் அனலிட்டிக்ஸுக்குப் பாதகமாக அடுத்தடுத்து முடிவெடுத்தன. 2023 ஜூலை 3 அன்று சுவீடன் ஆணையம் ஒரு நிறுவனத்துக்கு 1.2 கோடி குரோனா அபராதம் விதித்தது. ஒரே வாரத்தில், ஜூலை 10 அன்று, ஐரோப்பிய-அமெரிக்கத் தரவு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதற்கெதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆக, தரவை அனுப்புவது இன்று தானாகவே குற்றம் அல்ல. ஆனால் இதே போன்ற முந்தைய இரண்டு உடன்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இலும் 2020இலும் ரத்து செய்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருவியை மாற்ற ஆளும் பணமும் இருக்கும் அமைப்பு என்றால் இந்த ஆபத்தை ஏற்கலாம். பெரும்பாலான நகராட்சிகளிடம் அது இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது எண்களின் தரம். ஒப்புதல் கொடுத்தவர்களை மட்டுமே எண்ண முடியும். பத்தாயிரம் பேர் வந்து நாலாயிரம் பேர் ஏற்றுக்கொண்டால், நாலாயிரத்தை இரண்டரையால் பெருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். அப்படிப் பெருக்க முடியாது. கடன் ஆலோசனைப் பக்கத்துக்கு வருபவர் ஏற்கும் விகிதமும் நீச்சல்குள நேரம் பார்க்க வருபவர் ஏற்கும் விகிதமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. கூச்சமும் பயமும் உள்ளவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். அந்த எண்ணை வைத்து 'இந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை' என்று உதவிப் பக்கத்தை நீக்கினால், பாதிப்பு அவர்களுக்குத்தான்.

கூகுளின் ஒப்புதல் முறையில் 'மேம்பட்ட' என்ற வகையைச் சில ஏஜென்சிகள் போட்டுக்கொடுக்கின்றன. அதில் பயனர் ஒப்புக்கொள்ளும் முன்பும், மறுத்த பின்பும், குக்கீ இல்லாத சமிக்ஞைகள் கூகுளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பொது அமைப்பு அதைத் தொடவே கூடாது. கூகுள் அனலிட்டிக்ஸ்தான் வேண்டும் என்றால் 'அடிப்படை' வகை. பயனர் சம்மதிக்கும்வரை நிரல் இறங்கவே கூடாது.

சொந்த சர்வரில் மட்டோமோ, குக்கீயுடன்

2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய திறமூல மென்பொருள். சர்வரில் பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளமும் இருந்தால் போதும். மாதம் ஒரு லட்சம் பக்கப் பார்வைக்குள் இருக்கும் தளத்துக்கு 2 சிபியு, 2 ஜிபி நினைவகம், 50 ஜிபி வட்டு உள்ள சர்வர் போதும் என்பது மட்டோமோவின் சொந்தப் பரிந்துரை. ஐரோப்பிய ஆணையம் தன் தளங்களுக்கு நடத்தும் யூரோபா அனலிட்டிக்ஸும் இதன் மேல்தான் ஓடுகிறது.

பிரான்ஸில் இந்த வழிக்கு ஒப்புதல் இல்லாமலே ஓடும் விலக்கு உண்டு. நோக்கம் வருகைக் கணக்கு மட்டுமாக, தள உரிமையாளருக்காக மட்டுமாக இருக்க வேண்டும். வெளிவருவது பெயரற்ற புள்ளிவிவரமாக இருக்க வேண்டும். வேறு தரவுகளோடு இணைக்கவோ, பிற தளங்களில் அதே ஆளைத் தொடரவோ கூடாது. குக்கீயின் ஆயுள் 13 மாதத்தைத் தாண்டாமலும், ஒவ்வொரு வருகையிலும் நீளாமலும் இருக்க வேண்டும். சேர்த்த தகவலை 25 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இது பிரான்ஸின் விதி; எல்லையைத் தாண்டினால் அந்தந்த நாட்டு ஆணையத்திடம் கேட்டே ஆக வேண்டும்.

மட்டோமோவை நிறுவிய கையோடு விலக்கு கிடைத்துவிடாது. பயனர் அடையாள எண், வெப்பப்படம் (எங்கே சொடுக்கினார்கள் என்ற வண்ணப்படம்), அமர்வுப் பதிவு (ஒருவர் பக்கத்தில் செய்ததைப் பதிந்துவைப்பது) எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஐபி முகவரியில் கடைசி இரண்டு பைட்டுகளை மறைக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மூலப் பதிவுகளை அழிக்கும் வசதி தானாக ஓடாது. அதை இயக்கிவிட வேண்டும், அதில் காட்டும் 180 நாளே பெரும்பாலோருக்குப் போதும். பக்க முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் வினாச்சரங்களில் மின்னஞ்சல், விண்ணப்ப எண், கடவுச்சொல் மீட்பு டோக்கன் போன்றவற்றை விலக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள்தான் அதிகம். 'பார்த்த பக்கங்கள்' அறிக்கையைத் திறந்தால் குடிமக்களின் மின்னஞ்சல் முகவரிகள் வரிசையாக நிற்கும்.

இவ்வளவு செய்தும் குக்கீ என்ன தருகிறது? 'திரும்பி வந்தவர்' என்ற எண். அந்த எண்ணும் இப்போது பாதி பொய். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை ஐபோனின் பிரவுசரான சஃபாரி 2019 முதல் 7 நாளில் அழித்துவிடுகிறது. ஐபோனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருபவர் ஒவ்வொரு முறையும் புதியவராகத்தான் எண்ணப்படுவார்.

குக்கீ இல்லாத கணக்கு

நான் பரிந்துரைப்பது இது. அதே மட்டோமோவில் குக்கீயை முடக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்த வரி, பக்கப் பார்வையைப் பதியும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் முதல் பக்கத்திலேயே குக்கீ விழுந்துவிடும். குக்கீக்குப் பதிலாக ஐபி முகவரி, இயங்குதளம், பிரவுசர், மொழி ஆகியவற்றிலிருந்து ஒரு சுருக்கக் குறி உருவாகிறது. அதில் கலக்கும் ரகசியச் சொல் மாறிக்கொண்டே இருப்பதால், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குப் பிறகு அதே ஆளை அடையாளம் காண முடியாது.

எஸ்டோனியாவில் பதிவான பிளாசிபிள் என்ற கணக்குச் சேவையும் இதே தத்துவம். தினமும் மாறும் ரகசியச் சொல்லோடு தளப் பெயர், ஐபி முகவரி, பிரவுசர் விவரம் சேர்த்துச் சுருக்கம். ரகசியச் சொல் 24 மணி நேரத்தில் அழிகிறது. சர்வர் பராமரிக்க ஆள் இல்லாத சின்ன அமைப்புக்கு இது நல்லது. மாதக் கட்டணம் உண்டு, ஜிடிபிஆர் 28ஆம் பிரிவுப்படி செயலாக்க ஒப்பந்தம் போட வேண்டும். சர்வர் ஆள் இருந்தால் மட்டோமோவே மேல்.

எங்கே தவறும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். ஒரே மாதிரிக் கணினிகள் உள்ள பள்ளியோ அலுவலகமோ ஒரே ஐபி முகவரியில் வெளியே வந்தால் முப்பது பேர் ஒருவராகத் தெரிவார்கள். வீட்டு வைஃபையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு மாறியவர் இருவராகத் தெரிவார். மூன்று நாள் வந்தவர் மாதக் கணக்கில் மூவர். ஆகவே 'மாதத்துக்கு இத்தனை தனி வருகையாளர்' என்று கவுன்சில் அறிக்கையில் எழுதாதீர்கள். 'இத்தனை வருகைகள்' என்று எழுதுங்கள்.

எண்ணிக்கை திடீரென்று பாதாளத்துக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உங்கள் சர்வருக்கு அனுப்பும் பிராக்ஸி அல்லது லோட் பேலன்சர். மட்டோமோவுக்கு உண்மையான ஐபி முகவரியைத் தரும் தலைப்பை (கோரிக்கையோடு வரும் ஹெடர் வரி) அமைப்புக் கோப்பில் சொல்லாவிட்டால், எல்லா வருகையும் பிராக்ஸியின் ஒரே முகவரியிலிருந்து வருவதாக அது நினைக்கும். குக்கீயோடு ஓடியபோது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குக்கீயை நிறுத்திய அன்று ஆயிரம் பேர் நாற்பது பேராகிவிடுவார்கள். அடுத்து, அறிக்கைகளை உருவாக்கும் வேலையைக் கிரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் சர்வர் வசதி) மணிக்கொரு முறை வையுங்கள், வெப் சர்வரின் பயனர் கணக்கிலேயே ஓட விடுங்கள். ரூட் எனும் தலைமை நிர்வாகிக் கணக்கில் ஓட்டினால் தற்காலிகக் கோப்புகளின் உரிமை மாறி, மறுநாள் திரையில் பிழைச் செய்தி நிற்கும்.

விளம்பரத் தடுப்பான்கள் மட்டோமோவின் நிரலையும் தடுக்கும். கோப்பின் பெயரை மாற்றித் தப்பிக்கலாம் என்று ஏஜென்சி சொல்லும். செய்யாதீர்கள். தடுப்பான் போட்டவர் தன் விருப்பத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். தன் குடிமகனின் 'வேண்டாம்' என்பதைச் சுற்றிக்கொண்டு போவது பொது அமைப்புக்கு அழகல்ல.

குக்கீ இல்லையென்றால் ஒப்புதலே வேண்டாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 அக்டோபரில் இறுதிசெய்த வழிகாட்டுதல் 5(3)ஆம் பிரிவை மிக அகலமாகப் படிக்கிறது. திரை அளவு, செருகு நிரல் பட்டியல் போன்றவற்றைப் படிக்கும் அம்சங்களை அணைத்துவிட்டு, தானாக வரும் தகவலோடு நிற்பது பாதுகாப்பு. இறுதி முடிவை எழுத்தில் தர வேண்டியவர் உங்கள் தரவுப் பாதுகாப்பு அலுவலர். பொது அமைப்பு அப்படி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்பது 37ஆம் பிரிவு.

சர்வர் பதிவுகள்

வெப் சர்வர் எப்படியும் ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதிவைக்கிறது: ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், விடைக் குறியீடு, எங்கிருந்து வந்தார், எந்தப் பிரவுசர். பதிவுகளைப் படித்து எண்ணும் கோஆக்சஸ் அல்லது ஏடபிள்யூஸ்டாட்ஸை அதன்மேல் ஓட்டினால் கணக்கு கிடைத்துவிடும். பயனரின் கருவியில் நிரல் எதுவும் ஓடுவதில்லை; தடுப்பானும் குறுக்கே வராது. சிறிய தளத்துக்கு, எந்தப் பக்கம் தேடப்படுகிறது, எந்த இணைப்பு உடைந்திருக்கிறது என்பதே கேள்வி என்றால், இதுவே போதும். 404 பட்டியலை, அதாவது கேட்டும் கிடைக்காத பக்கங்களின் பட்டியலை, மற்ற மூன்றையும்விட இது ஒழுங்காகத் தரும்.

குறை, மனிதரல்லாத வருகை. தேடுபொறி ரோபோக்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும், வடிகட்டலாம். சாதாரணப் பிரவுசர் போல வேடமிட்டு வருபவற்றை வடிகட்டுவது கடினம். உங்கள் சொந்தக் கண்காணிப்புக் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை முகப்பைத் தட்டினாலே நாளுக்கு 1,440, முப்பது நாளில் 43,200 போலி வருகை. முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துத் தானே விடை தரும் இடைச் சேவை) இருந்தால் எதிர்ப்புறம் தவறும்: அங்கேயே சேமிப்பிலிருந்து விடை போய்விடுவதால் உங்கள் பதிவுக்கு வருகையே தெரியாது.

பதிவுகளை இரண்டாகப் பிரியுங்கள். தாக்குதலைக் கண்டறிய முழு ஐபி முகவரியுடன் ஒன்று, குறைந்த நாளுக்கு, பாதுகாப்பு ஆள் மட்டும் பார்க்கும்படி. டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் பதிவு இயல்பாகத் தினமும் சுழன்று 14 கோப்புகளோடு நிற்கும், நல்ல தொடக்கம். கணக்குக்கு இன்னொன்று, எழுதும்போதே முகவரியை வெட்டி: ஐபிவி4இல் கடைசிப் பகுதியைச் சுழியமாக்கினால் 256 முகவரிகள் ஒன்றாகும்; ஐபிவி6இல் முதல் 48 பிட்டுகளை மட்டும் வையுங்கள். பின்னர் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், வெட்டாத கோப்பு காப்புப் பிரதியில் ஓராண்டு தங்கும். 14 நாள் என்று அறிக்கையில் எழுதிவிட்டு, காப்பு நாடாவில் 365 நாள் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

கணக்கு முறை எதுவானாலும் ஒழுகும் இடங்கள்

இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. ஐரோப்பியப் பாராளுமன்றமே மாட்டிக்கொண்டது: கோவிட் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் குக்கீயும், பணமே வாங்காத இடத்தில் பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப்பின் குக்கீயும் இருந்தன. வேறொரு தளத்தின் நிரலை நகலெடுத்ததில் பின்னது ஒட்டிக்கொண்டு வந்தது. 2022 ஜனவரியில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் கண்டனம் தெரிவித்தார். 2025 ஜனவரி 8 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு ஜெர்மன் குடிமகனுக்கு 400 யூரோ தர வேண்டும் என்று பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம், உள்நுழைவுப் பக்கத்தில் வைத்த 'ஃபேஸ்புக் மூலம் நுழைக' என்ற ஒற்றை இணைப்பு. அதைச் சொடுக்கியதில் அவருடைய ஐபி முகவரி அமெரிக்காவுக்குப் போனது.

ஆகவே எழுத்துருக்களை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்; கூகுளிலிருந்து இறக்கிய ஒரு தளத்துக்கு மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் 100 யூரோ இழப்பீடு விதித்தது. யூடியூப் வீடியோவை நேராகப் பதிக்காமல் உங்கள் படம் ஒன்றை வைத்து, சொடுக்கிய பிறகே வீடியோ இறங்கும்படி செய்யுங்கள். வரைபடத்துக்கும் அதே முறை. செய்திமடலில் திறந்தவர்களை எண்ணும் கண்ணுக்குத் தெரியாத படத்தை அணைத்துவிடுங்கள்.

எதை எடுப்பது?

ஒரு சர்வர் நிர்வாகி இருக்கிறார், தளம் நடுத்தர அளவு என்றால் குக்கீ இல்லாத மட்டோமோ. நிர்வாகி இல்லை, பணம் கொஞ்சம் உண்டு என்றால் பிளாசிபிள் போன்ற ஐரோப்பியச் சேவை. இருபது முப்பது பக்கங்கள் கொண்ட தளம் என்றால் சர்வர் பதிவே போதும். குக்கீயுடன் மட்டோமோ, பிரான்ஸில் இருந்து, திரும்பி வருபவர்களைப் பற்றி உண்மையாகவே ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தால் மட்டும். கூகுள் அனலிட்டிக்ஸைப் பொது அமைப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடந்த ஆண்டு இந்த எண்களைப் பார்த்து நாம் மாற்றியது என்ன என்ற கேள்விக்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியாவிட்டால், எண்ணுவதை நிறுத்துவதும் முழுக்க நேர்மையான தேர்வுதான்.

இன்றியமையாத குக்கீகள் மட்டுமே மிஞ்சினால் அறிவிப்புப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். அடிக்குறிப்பில் ஒரு பக்கம் போதும்: எது, எதற்காக, எத்தனை நாள், யார் பார்ப்பார், எப்படி மறுப்பது. மறுப்பையும் ஒரு குக்கீதான் நினைவில் வைக்கிறது, குக்கீகளை அழித்தால் மறுப்பும் அழியும் என்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

மாற்றிய பிறகு சோதியுங்கள். பிரவுசரில் தனிச் சாளரம் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பலகையைத் திறந்துவைத்துப் பக்கத்தை ஏற்றுங்கள். எதையும் சொடுக்காதீர்கள். உங்கள் டொமைனைத் தவிர வேறு பெயர் ஒன்றும் பட்டியலில் இருக்கக் கூடாது. ஸ்டோரேஜ் பலகையில் குக்கீ, லோக்கல் ஸ்டோரேஜ் இரண்டையும் பாருங்கள். எல்லா மொழிப் பதிப்புகளிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். பாராளுமன்றத் தளத்தில் அறிவிப்பு மொழிக்கு மொழி வேறுபட்டிருந்தது. தேடல் முடிவுப் பக்கம், படிவத்தின் நன்றிப் பக்கம், பிறகு இல்லாத முகவரி ஒன்றைத் தட்டி 404 பக்கம். இந்தக் கடைசிப் பக்கம் பல தளங்களில் பழைய டெம்ப்ளேட்டிலேயே நிற்கும். நீக்கிவிட்டதாக நினைத்த கணக்கு நிரல் அங்கேதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.